செட் மாற்றிய நாளில் வந்த மூன்று போன்கள்

செட் மாற்றிய ஆறு மணி நேரத்துக்குள் ஒருவர் போன் செய்து சர்க்கரை ஏறுகிறது என்று சொன்னால், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்காதீர்கள். உங்களிடம் சொல்ல நினைத்தது இந்த ஒரு வாக்கியம்தான். இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், நான் உங்களுக்குக் கொடுத்த மற்ற விதிகளைப் போல இதையும் தாளில் எழுதி, கோப்பில் போட்டு மூடிவிடுவீர்கள்.

போர்ட் பிளேயரில் ஒரு சிறிய தனியார் நீரிழிவு க்ளினிக்கில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தேன். கடைசி ஐந்து வருடம் இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்களை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஆட்கள் அதிகமில்லை. எல்லோருடைய குரலையும் போனில் அடையாளம் தெரியும்.

நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பம்ப் என்பது இடுப்பில் மாட்டும் கைப்பேசி அளவு இயந்திரம். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வரும். குழாயின் நுனியில் தோலுக்கடியில் இருக்கும் மென்மையான பிளாஸ்டிக் துண்டு, விரல் நகத்தைவிடச் சிறியது. குழாயும் நுனியும் சேர்ந்ததுதான் செட். மூன்று நாளைக்கு ஒருமுறை பழையதை எடுத்துவிட்டுப் புதியதைக் குத்த வேண்டும். பம்பில் இருப்பது வேகமாக வேலை செய்து வேகமாகத் தீர்ந்துபோகும் இன்சுலின். வரத்து நின்றால் உடம்பில் சேமிப்பு எதுவும் கிடையாது. நான்கைந்து மணி நேரத்தில் ரத்தம் அமிலமாகத் தொடங்கும். கர்ப்பிணிக்கு அதைவிடச் சீக்கிரம்.

ஸ்டெல்லா கர்ப்பிணி. ஹேவ்லாக் தீவில் இருந்தாள், அங்கிருந்து இங்கே படகில்தான் வர வேண்டும். பதினோரு வயதிலிருந்தே இன்சுலின் போட்டு வளர்ந்தவள். கணவன் அருள் அங்கே சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்குள் கூட்டிப்போகும் படகை ஓட்டுகிறான். இரண்டு குடும்பமும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தலைமுறைக்கு முன் வந்தவை. கல்யாணமாகி ஆறு வருடத்துக்குப் பிறகு தங்கிய கரு. ஊசியில் சர்க்கரை அடங்கவில்லை என்பதால் நான்காவது மாதத்தில் டாக்டர் பம்புக்கு மாற்றினார். நான் சொல்லப்போகும் அந்த நாளில் அவளுக்கு ஏழு மாதம்.

பம்ப் மாட்டிய முதல் மாதத்தில் அவள் செட்டுகளை வீணடித்தாள். லேசாக எரிந்தால் பிடுங்குவாள். சர்க்கரை கொஞ்சம் ஏறினால் பிடுங்குவாள். ஒரே வாரத்தில் ஐந்து செட் போனது. அடுத்த பெட்டி மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் வர வேண்டும். மழையில் சரக்கு தங்கிவிட்டது. ஒன்பது நாள் அவள் பம்பைக் கழற்றி வைத்துவிட்டு ஊசிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அந்த ஒன்பது நாளும் சர்க்கரை தறிகெட்டு ஏறி இறங்கியது. அடுத்த முறை க்ளினிக்குக்கு வந்தபோது அவளை உட்காரவைத்துக் கடிந்துகொண்டேன்.

"மெட்ராஸ்காரிக்கு அடுத்த தெருவுல கடை இருக்கு. உனக்கு நடுவுல கடல் இருக்கு. புது செட்டை அவசரப்பட்டுப் பிடுங்காதே. ரெண்டு மணி நேரம் பொறு, கரெக்‌ஷன் டோஸ் குடு, அப்புறம் பாரு."

"சரி சிஸ்டர். இனிமே பிலகுல் புடுங்க மாட்டேன்" என்று, தீவுக்காரர்கள் எல்லோரையும் போல இந்தி கலந்து சொல்லிச் சிரித்தாள்.

தீவில் வாழ்பவர்களுக்கு இந்தப் புத்தி இயல்பாகவே வரும். வெங்காயத்திலிருந்து சிமெண்ட் வரை எல்லாவற்றையும் அடுத்த கப்பல் வரை நீட்டித்துத்தான் பழக்கம். அந்தப் பழக்கத்தை நான் வைத்தியமாக மாற்றினேன். நோயாளிகளுக்குக் கொடுக்கும் அறிவுரைத் தாளில் மூன்றாவது வரியாகவும் சேர்த்தேன். அந்தத் தாள் உங்கள் மேசையில் இன்னும் இருக்கக்கூடும். மூன்றாவது வரியை அடித்துவிடுங்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்கு, சர்ச்சில் பூசைக்குக் கிளம்பும் முன் ஸ்டெல்லா செட் மாற்றினாள். அப்போது சர்க்கரை 112. இவை அவள் பின்னர் சொன்னவை. பம்பின் நினைவிலும் அதே எண்கள் இருந்தன.

முதல் போன் பத்து பத்துக்கு வந்தது. நான் போர்ட் பிளேயரிலேயே டாலிகஞ்சில் ஒரு சிநேகிதி வீட்டுப் புதுமனை விழாவில் இருந்தேன். பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு வந்து காதைப் பொத்திக்கொண்டு பேசினேன். ஹேவ்லாக்கிலிருந்து லைன் இரண்டு முறை அறுந்தது.

"சிஸ்டர், 238 காட்டுது."

"எப்ப செட் மாத்தினே?"

"காலையில. பூசைக்கு முந்தி."

"பம்ப் ஏதாவது சத்தம் போட்டுச்சா?"

"இல்ல சிஸ்டர். எல்லாம் டீக்னுதான் காட்டுது."

இந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். செட் மாற்றி மூன்றரை மணி நேரம். சர்க்கரை இரண்டு மடங்கு. கர்ப்பிணி. எனக்கு வேண்டிய எல்லாத் தகவலும் என் கையில் இருந்தது. கேள்வியையும் சரியாகத்தான் தொடங்கியிருந்தேன். அடுத்த கேள்விதான் தவறு.

"என்ன சாப்பிட்டே?"

கொஞ்சம் தயங்கினாள். "கோயில்ல புது நன்மை வாங்குன பிள்ளைங்க லட்டு குடுத்தாங்க சிஸ்டர். ஒண்ணே ஒண்ணு. அதுக்கும் கணக்குப் பாத்து பம்புல டோஸ் குடுத்துட்டேன்."

"ஆங், அதான்" என்றேன்.

அந்த 'ஆங், அதான்' சொன்னபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்ததும் மனம் தேடுவதை நிறுத்திவிடுகிறது. அவள் லட்டைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால் நான் செட்டைப் பற்றி யோசித்திருப்பேன். உண்மையைச் சொன்னாள்.

ஏறிய சர்க்கரையை இறக்க, பம்பிலேயே கரெக்‌ஷன் டோஸ் கொடுக்கச் சொன்னேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கச் சொன்னேன். போனை வைத்ததும் கைப்பையில் இருந்த அழைப்புப் புத்தகத்தை எடுத்து, தேதி, நேரம், பெயர், எண் எல்லாம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்: இனிப்பு. சுருக்கமாக எழுதுவதில் எனக்குப் பெயர் உண்டு. பிறகு உள்ளே போய்ச் சாப்பிட்டேன்.

இரண்டாவது போன் பன்னிரண்டு இருபதுக்கு. அப்போது கராச்சர்மாவில் என் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன்.

"291 சிஸ்டர். நாக்கு வறளுது. பேனாவால ஊசி போட்டுரட்டா?"

கேட்டாள். அவளாகவே கேட்டாள். அவளிடம் அவசரத்துக்கு இன்சுலின் பேனா இருந்தது. எல்லோரிடமும் ஒன்று இருக்க வேண்டும் என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன்.

எனக்கு வந்த பயம் வேறு. பத்து மணிக்குக் கொடுத்த டோஸ் உடம்பில் இருக்கிறது, அதன்மேல் ஊசியும் போட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கி மயங்கிவிடுவாள், வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று நினைத்தேன். புத்தகத்தில் உள்ள பயம்தான் அது. நியாயமான பயமும்கூட. ஆனால் பத்து மணி டோஸ் உடம்பில் இருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? பம்ப் சொன்னது.

"வேண்டாம்மா. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி லோ ஆயிடும். குத்தின இடம் எப்படி இருக்கு?"

"சிவக்கல. வலியும் இல்ல. லேசா ஈரமா இருக்க மாதிரி இருக்கு. வேர்வையா என்னன்னு தெரியல."

"வாசனை பாத்தியா?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். இன்சுலினுக்கு ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கும் மருந்தின் நெடி உண்டு. ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். நான் கேட்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை நீட்டிக்கொண்டிருந்தார். "செட் எத்தனை கையில இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதான். புதன்கிழமைதான் பார்சல் வருது."

"அப்ப இதைப் பிடுங்காதே. பம்புலயே இன்னும் கொஞ்சம் குடு. தண்ணி நிறையக் குடி."

"சரி சிஸ்டர்."

மூன்றாவது போன் இரண்டு மணிக்கு. பேசியது அருள்.

"சிஸ்டர், ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துட்டா. மூச்சு வேகமா வாங்குறா."

கீட்டோன் பார்க்கும் பட்டையை அப்போதுதான் ஞாபகப்படுத்தினேன். ரத்தம் அமிலமாகிறதா என்று, சிறுநீரில் நனைத்து நிறம் பார்ப்பது. அதை முதல் போனிலேயே கேட்டிருக்க வேண்டும். நிறத்தை அவன் சொல்லத் தெரியாமல் படம் அனுப்பினான். டப்பாவில் அச்சிட்டிருந்த நிறங்களில் கடைசி நிறத்தைவிட இது கருத்திருந்தது.

பேனாவால் ஊசி போடச் சொன்னேன். எத்தனை யூனிட் என்று சொன்னேன். செட்டைப் பிடுங்கச் சொன்னேன். உடனே தீவின் சுகாதார நிலையத்துக்குப் போய் டிரிப் போடச் சொல், அடுத்த படகில் இங்கே கொண்டு வா என்றேன்.

"படகா? மௌசம் கராப் ஆயிடுச்சு சிஸ்டர். பதினொன்றரைக்கு ஒண்ணு போச்சு. அதுக்கப்புறம் ஜெட்டில பந்த்னு சொல்லிட்டான். ஹெலிகாப்டரும் எழும்பாதாம்."

பதினொன்றரைக்கு ஒரு படகு போயிருக்கிறது. என் முதல் போனுக்கும் இரண்டாவது போனுக்கும் நடுவில்.

பிடுங்கிய செட்டின் படத்தையும் அனுப்பினான். பிளாஸ்டிக் நுனி பாதியில் மடிந்து, தன்மேலேயே படுத்திருந்தது. ஏழாம் மாதத்து வயிற்றின் இழுத்துக் கட்டிய தோலில் நேராகக் குத்தினால் அப்படி ஆகலாம். இன்சுலின் உள்ளே போக வழியில்லாமல் மேலே கசிந்திருக்கிறது. கசிய வழி இருந்ததால் பம்புக்கு அடைப்பு தெரியவில்லை. அதனால் அது சத்தம் போடவில்லை.

சுகாதார நிலையத்தில் இருந்த இளம் டாக்டர் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார். போனில் ஒவ்வொரு மணிக்கும் எங்கள் டாக்டரிடம் பேசினார். ஸ்டெல்லாவின் உயிரைக் காப்பாற்றியது அவர். மறுநாள் காலை கடல் சற்றுத் தணிந்ததும் முதல் படகில் அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்கு வெளியே நானும் அருளும் நின்றோம். உள்ளே போன டாக்டர் வெளியே வர எடுத்துக்கொண்ட நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இதயத் துடிப்பு இருந்தால் அதைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது.

பெண் குழந்தை. அன்று மாலை பிரசவம் செய்வித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து எங்கள் டாக்டர் பம்பின் நினைவை எடுத்துத் திரையில் காட்டினார். காலை முதல் மதியம் வரை ஒவ்வொரு டோஸும் நேரத்தோடும் அளவோடும் அங்கே இருந்தது. எல்லாவற்றுக்கும் எதிரே 'செலுத்தப்பட்டது' என்ற குறிப்பு.

"இது தள்ளினதை எழுதும் சிஸ்டர். போய்ச் சேர்ந்ததை எழுதாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

சென்னையில் சரக்கு ஏற்றியாயிற்று என்று தகவல் வந்தால், சாமான் வந்துவிட்டது என்று நம் ஊரில் எந்தக் கடைக்காரராவது சொல்வாரா? கப்பல் வந்து, பெட்டியைப் பிரித்து, கையில் தொட்ட பிறகுதான் சொல்வார். எனக்கு அந்த அறிவு வெங்காயத்தில் இருந்தது, வேலையில் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் இது வழக்கமான ஒரு தவறின் கதை. நம் தொழிலில் இப்படிப்பட்டவை உண்டு, அவற்றைச் சுமந்துகொண்டு வேலை செய்யக் கற்றுக்கொள்கிறோம். ஆனால் இன்னொன்று நடந்தது. அதைப் பற்றி எந்தப் பயிற்சியிலும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

ஸ்டெல்லாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, முன்விவரம் கேட்டு அங்கிருந்து க்ளினிக்குக்குப் போன் வந்திருக்கிறது. நான் ஸ்கேன் அறை வாசலில் இருந்தேன். க்ளினிக்கில் இருந்த பெண், மேசையில் நான் வைத்துவிட்டுப் போன அழைப்புப் புத்தகத்தைப் பார்த்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். காரணம்: இனிப்பு. அது கேஸ் ஷீட்டில் ஏறி, வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் தாளிலும் ஏறிவிட்டது. அவள் தவறு எதுவும் செய்யவில்லை. எழுதியிருந்ததைப் படித்தாள்.

என் புத்தகத்தில் அந்தச் சொல்லை அடித்து, கீழே சரியான காரணத்தையும் என் பெயரையும் எழுதினேன். அது எளிது. தாள் அதற்குள் ஹேவ்லாக் போய்விட்டது. அங்கே யாரோ அதை ஸ்டெல்லாவின் மாமியாருக்குத் தமிழில் படித்துக் காட்டியிருக்கிறார்கள். லட்டு தின்று பிள்ளையைக் கொன்றவள் என்ற பேச்சு சர்ச்சுக்கு வரும் பங்கு மக்கள் முழுக்கப் பரவிவிட்டதாக அருள் போனில் சொன்னான். புது நன்மை வாங்கிய பிள்ளையின் அம்மா ஸ்டெல்லாவைப் பார்க்க வந்து, வாசலிலேயே அழுதுவிட்டுத் திரும்பிப் போனாளாம்.

நான் ஹேவ்லாக் போனது ஐந்து வாரம் கழித்து. கடல் சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஐந்து வாரத்தில் மூன்று வாரம் படகுகள் ஒழுங்காக ஓடின.

வீட்டில் மாமியார் மட்டும் முன்னறையில் இருந்தார். நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஸ்டெல்லா வந்து கதவோரம் நின்றாள். மெலிந்திருந்தாள். இடுப்பில் பம்ப் இல்லை. நான் இளநீரைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சொன்னேன்.

"அம்மா, லட்டால ஒண்ணும் ஆகல. அதுக்கு அவ சரியா மருந்து குடுத்திருந்தா. குழாய் மடங்கிப் போச்சு, மருந்து உள்ள போகல. அதை எடுத்துப் பாருன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. ஊசி போடட்டான்னு அவ கேட்டா. வேண்டாம்னு சொன்னது நான். தப்பு என்னோடது."

அந்த அம்மா இளநீரை எடுத்து மறுபடி என் கையில் கொடுத்தார். கெட்ட மனுஷி இல்லை. அவருக்கும் அது பேத்தி.

"நீங்க படிச்சவங்க, பெரிய மனசு, வந்து சொல்லுதீங்க. அதெல்லாம் சரி சிஸ்டர். லட்டு தின்னாளா இல்லையா?"

"தின்னா. ஆனா அதுக்கும் இதுக்கும்..."

"தின்னால்ல. வயித்துப் பிள்ளைக்காரி, சக்கர வியாதிக்காரி, வாயக் கட்ட முடியலல்ல. ஆஸ்பத்திரிக்காரனே தாள்ல எழுதிக் குடுத்திருக்கான். நீங்க அவள விட்டுக்குடுக்காமப் பேசுதீங்க."

தாளில் இருந்தது என் வரிதான் என்றேன். மறுபடி விளக்கினேன். குழாயின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இளநீரைக் குடிக்கச் சொன்னார்.

உங்களுக்கு நான் சொல்லும் விதி இதுதான்: தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுதுங்கள். காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தால் யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள். நிரப்பிவிட்டு வந்தால், அதை ஒருத்தி ஆயுள் முழுக்கச் சுமக்கலாம். எழுதியவர் வந்து அழித்தாலும் அது அழியாது. செட் மாற்றியபின் சர்க்கரை ஏறினால் முதல் சந்தேகம் செட்டின்மேல். கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தைப் பேனாவில் கொடுக்கச் சொல்லுங்கள், பம்பில் அல்ல. செட்டைப் பிடுங்கச் சொல்லுங்கள், கையில் அது ஒன்றே ஒன்று இருந்தாலும். இவையெல்லாம் சரியான விதிகள். இவற்றைச் சொன்னதால் எனக்கு எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

ஜெட்டி வரை ஸ்டெல்லா என்னுடன் வந்தாள். வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஜெட்டியில் நிழல் பார்த்து நின்றோம். நான் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தேன். அவள் தலையசைத்து நிறுத்தினாள்.

"அத்தை சொல்றத விடுங்க சிஸ்டர். அவங்களுக்கு யாரையாவது சொல்லணும்."

"உனக்கு என்மேல கோபம் இருந்தா சொல்லு."

யோசித்துத்தான் பேசினாள். குரல் உயரவில்லை.

"கோவம் இல்ல. ஆனா நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. அன்னிக்குப் பத்து மணிக்கே எனக்குத் தோணுச்சு. லட்டுக்கு இவ்வளவு ஏறாதுன்னு. எத்தனை வருஷமா என் உடம்ப நான் பாக்குறேன். பேனாவ எடுத்துட்டேன் சிஸ்டர். ஊசி மாட்டிட்டேன். அளவும் திருகி வச்சிட்டேன். அப்புறந்தான் நெனச்சேன், எதுக்கும் சிஸ்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்னு."